கல்யாண வீடியோவுக்கு ரா வேண்டுமா?

டிஎஸ்எல்ஆர் கேமராவில் ரா வீடியோவாகவே கல்யாணத்தைப் படம் பிடிக்கலாமா என்று கேட்டால், செய்து பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ராவின் நிறத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் பழைய கோப்பைத் திறக்கவே கை வராது என்பது ஒரு கட்சி. தாலி கட்டுகிற நேரத்தில் கார்டு நிறைந்துவிட்டால் நிறத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது இன்னொரு கட்சி. இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டையும் சரிசமமாக நிறுத்தி, அவரவர் விருப்பம் என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. சென்சார் படித்ததை அப்படியே எழுதிக்கொள்ளும் ரா அருமையான பதிவு முறை. கல்யாணம் முழுவதையும் அதில் எடுப்பது தவறான முடிவு. நடுவில் சில நிமிடங்களுக்கு மட்டும் அதற்கு நியாயம் உண்டு. அவை எந்த நிமிடங்கள் என்பதில்தான் பலருக்கும் கணக்குப் பிசகுகிறது.

முதலில் இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். தோளில் டேப் கேமரா, பக்கத்தில் உதவியாளர் தூக்கிப் பிடித்த ஹாலஜன் லைட், அந்த வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கும் பெரியவர்கள்: நம்மூர்க் கல்யாண வீடியோ நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. 2008இல் கேனன் 5டி மார்க் 2 வந்தது. ஸ்டில் கேமராவுக்குள்ளேயே முழு எச்டி வீடியோ, அதுவும் ஸ்டில் பிலிமின் 35 மி.மீ. சட்டகம் அளவுக்குப் பெரிய சென்சாரில். பின்னணி கரைந்து முகம் மட்டும் துலங்குகிற தோற்றம் மண்டபத்துக்குள் நுழைந்தது. சினிமாக்காரர்களும் ஸ்டில் கேமராவைக் கையில் எடுத்தார்கள். பாலாஜி சக்திவேலின் ‘வழக்கு எண் 18/9’ (2012) கேனன் 7டி கேமராவில், விஜய் மில்டன் ஒளிப்பதிவில் உருவானது; சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. அந்தக் கேமரா தந்தது ரா அல்ல, உள்ளேயே நசுக்கிச் சுருக்கிய சாதாரணக் கோப்புதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்தச் சாதாரணக் கோப்பின் குறை என்ன? சென்சார் ஒவ்வொரு புள்ளியிலும் 14 பிட் அளவுக்கு, அதாவது 16,384 படிகளில் ஒளியை அளக்கிறது. வீடியோவாக எழுதும்போது கேமரா அதை 8 பிட்டுக்கு, 256 படிகளுக்குக் குறைக்கிறது. வொயிட் பேலன்ஸ், கான்ட்ராஸ்ட், நிறச் செறிவு எல்லாவற்றையும் அப்போதே முடிவு செய்து கோப்போடு கலந்துவிடுகிறது. வெளிச்ச விவரத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிற விவரத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்று என்று மிச்சம் பிடிக்கிறது. கண்ணுக்கு இது சட்டென்று தெரியாது. எடிட்டிங் மேசையில் கலரைத் திருத்தப் போகும்போதுதான் தெரியும்.

அதுவும் நம்மூர்க் கல்யாணத்தில் நன்றாகவே தெரியும். அரக்குச் சிவப்புக் காஞ்சிபுரம் பட்டு, தங்க ஜரிகை, கழுத்து நிறைய நகை, மாலையில் ரோஜா, முகத்துக்கு நேரே மஞ்சள் போகஸ் லைட். இந்தக் கலவையைப் போலச் சிவப்பை வதைக்கிற காட்சி வேறு இல்லை. 8 பிட் கோப்பில் புடவையின் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிவப்புப் பலகையாகிவிடும். ஓரங்களில் நிறம் கட்டம் கட்டமாக உடையும். ஜரிகை வெள்ளையாக வெடித்துப் போயிருக்கும். அதைச் சரிசெய்ய ஹைலைட்டைக் கீழே இழுத்தால் வெள்ளை சாம்பலாகும். உள்ளே விவரம் எதுவும் இருக்காது. ரிசப்ஷன் மேடையின் வெற்றுப் பின்சுவரில் வெளிச்சம் மேலிருந்து கீழே மெல்ல மங்கும் இடத்தில், கலரைக் கொஞ்சம் நீட்டினாலே பட்டை பட்டையாகக் கோடு விழும். டெக்னிகலர் நிறுவனம் 2011இல் கேனன் கேமராக்களுக்கு இலவசமாகத் தந்த சினிஸ்டைல் அமைப்பைப் போட்டுத் தட்டையாக எடுத்து, பிறகு நீட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டைகளோடு நல்ல பழக்கம் உண்டு.

இந்த இடத்தில்தான் மேஜிக் லான்டர்ன் வந்தது. 2009இல் டிராமல் ஹட்சன் 5டி மார்க் 2-க்காகத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. கேனனின் மென்பொருளை அழித்துவிடாமல், கார்டிலிருந்து எழுந்து அதன்மேல் ஓடும். 2013 மே மாதத்தில் அந்தக் குழுவினர் 5டி மார்க் 3 கேமராவில் 14 பிட் ரா வீடியோவை முழு எச்டி அளவில் தொடர்ச்சியாகப் பதியவைத்தார்கள். கேமராவை வடிவமைத்தவர்கள் கொடுக்காத வசதியை வெளியாட்கள் எடுத்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு அதைக் கண்டு வியக்காத வீடியோக்காரர் இருந்திருக்க முடியாது. வியப்புக்குக் காரணமும் இருந்தது. கேனனின் வழக்கமான வீடியோ கொஞ்சம் மெத்தென்று இருக்கும்; அதே கேமராவின் ரா பிரேமில் புருவ முடி தனித்தனியாகத் தெரிந்தது. பட்டின் மடிப்பு மடிப்பாகவே இருந்தது. வொயிட் பேலன்ஸை ஸ்டில் போட்டோவுக்குச் செய்வதுபோலப் பிறகு நகர்த்த முடிந்தது.

இந்தக் கடைசி வசதி கல்யாணத்தில் பெரிய விஷயம். மாப்பிள்ளை அழைப்பு தெரு வெளிச்சத்தில், ரிசப்ஷன் எல்இடி வெளிச்சத்தில், நலுங்கு வீட்டு ட்யூப்லைட்டில், முகூர்த்தம் விடியற்காலை ஜன்னல் வெளிச்சமும் போகஸ் லைட்டும் கலந்த குழப்பத்தில். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓடும்போது வொயிட் பேலன்ஸ் மாற்ற மறப்பது சகஜம். சாதாரணக் கோப்பில் அப்படி மறந்தால் முகம் நீலமாகவோ ஆரஞ்சாகவோ நிற்கும், முழுசாக மீளாது. ராவில் மீளும். ஒரே முகத்தின் வலது கன்னத்தில் மஞ்சளும் இடது கன்னத்தில் நீலமும் விழுந்திருந்தால் மட்டும் ராவாலும் முழுக்கக் காப்பாற்ற முடியாது. கலப்பு வெளிச்சம் கலப்பு வெளிச்சம்தான்.

நல்லதைச் சொல்லியாயிற்று. இனி விலை. நான் ரூபாயைச் சொல்லவில்லை.

கணக்கு எளிது. 1920-க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்கு 14 பிட்; ஒரு பிரேம் 3.6 மெகாபைட். நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ட்யூப்லைட் துடிப்பு விழாமல் இருக்க நொடிக்கு 25 பிரேம், 50-இல் ஒரு பங்கு ஷட்டர் என்று வைத்து எடுப்பது வழக்கம். அப்படியானால் நொடிக்கு 90 மெகாபைட். இதே 5டி மார்க் 3 தன் உயர்தரச் சாதாரண வீடியோவை நொடிக்கு ஏறத்தாழ 90 மெகாபிட் வேகத்தில் எழுதுகிறது. எண் ஒன்றுதான். பிட்டுக்குப் பதில் பைட், ஆகவே எட்டு மடங்கு. 64 ஜிபி கார்டு ஒன்று ராவில் பன்னிரண்டு நிமிடம்கூட வராது.

பன்னிரண்டு நிமிடம் என்றால் மணவறையில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். தேங்காய்மேல் வைத்த தாலி, தட்டில் அட்சதையோடு சபையைச் சுற்றிவரப் போகிறது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். அந்த முகத்தை விடக்கூடாது, எடுக்கிறீர்கள். தட்டு எங்கோ பின்வரிசையில் நின்றுவிடுகிறது. ஐயர் இன்னும் இரண்டு மந்திரம் சொல்கிறார். மாமா ஒருவர் கேமராவுக்கு முன்னால் வந்து நிற்கிறார், நகர மாட்டார். இதற்குள் கார்டில் முக்கால்வாசி போயிருக்கும். இப்போது மாற்றுவதா, தாங்கும் என்று நம்புவதா? மாற்றத் தொடங்கிய நொடியில் ஐயர் கையை உயர்த்திக் ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்று குரல் கொடுத்தால் கதை முடிந்தது. மூன்று முடிச்சு விழ எவ்வளவு நேரம் ஆகும்? சுற்றி நிற்பவர்கள் அட்சதையை வீசி முடிக்கும் முன்பே ஆகிவிடும். இன்னொரு தடவை கட்டுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

கார்டு நிறைவது அபாயங்களில் ஒன்றுதான், வேறும் உண்டு. கார்டின் வேகம் ஒரு கணம் தளர்ந்தாலும் கேமராவின் இடைநினைவகம் நிரம்பி, பதிவு தானாகவே நின்றுபோகும். 5டி மார்க் 3-இல் இரண்டு கார்டு இடம் உண்டு. ஆனால் எஸ்டி கார்டு பக்கம் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது, சிஎப் கார்டை மட்டும்தான் நம்ப வேண்டும். இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிந்து பாதுகாப்பு தேடவும் வழியில்லை. எடுத்ததைக் கேமராவிலேயே போட்டுப் பார்த்தால் கரடுமுரடாகத்தான் தெரியும். மேஜிக் லான்டர்ன் அதிகாரபூர்வமான மென்பொருள் அல்ல. கேமரா உறைந்து நின்றால் பேட்டரியைக் கழற்றி மாட்டுவதே வைத்தியம். பரிசோதனைக்கு, குறும்படத்துக்கு, ஆராய்ச்சி ஆர்வத்துக்கு இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லைகள். திரும்ப நடக்காத நிகழ்ச்சிக்குக் கூலி வாங்கிக்கொண்டு போகிறவர் பொறுத்துக்கொள்ளலாமா? கூடாது என்பேன். அந்த அபாயத்தைச் சுமப்பது அவரல்ல, அந்தக் குடும்பம்.

ஒலியைப் பற்றி ரா ரசிகர்கள் பேசுவதே இல்லை. முதலில் வந்த ரா பதிவில் ஒலியே கிடையாது, படம் மட்டும்தான். பிறகு எம்எல்வி கோப்பு வடிவத்தில் ஒலியும் சேர்ந்தது. அதுவும் கேமராவின் சொந்த மைக் தரம்தான். தனி ரெக்கார்டரில் பதிந்து பிறகு ஒட்டவைக்கலாம், நல்ல வீடியோக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் நாதஸ்வரமும் தவிலும் ஒரு சாதாரண விஷயமல்ல. கெட்டிமேளம் உச்சத்துக்கு ஏறும்போது தானியங்கி ஒலி அளவு மிரண்டு எல்லாவற்றையும் அமுக்கிவிடும். மேளம் ஓய்ந்த கையோடு, பெண்ணின் அம்மா தொண்டை அடைத்துச் சொல்லும் வார்த்தை காதில் விழாது. அந்த வார்த்தையைக் காப்பாற்றக் கைமுறையாக அளவு வைத்த ரெக்கார்டர் ஒன்று, மேளக்காரர்களிடமிருந்து தள்ளி வைத்த மைக் ஒன்று, அதைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். ராவுக்காக வாங்கும் கார்டுகளின் செலவில் ஒரு பகுதி இதற்குப் போதும். இருபது வருஷம் கழித்து வீடியோவைப் போட்டுப் பார்க்கும் வீட்டில், போய்ச் சேர்ந்துவிட்ட தாத்தாவின் குரலைத்தான் தேடுவார்கள். பட்டின் மடிப்பை யாரும் தேடுவதில்லை.

மண்டபம் முடிந்ததும் அலுவலகம். முதல் நாள் மாலையும் மறுநாள் காலையும் சேர்த்து, ஒரு கேமரா நான்கு மணி நேரம் ஓடியதாக வைத்துக்கொள்வோம். சிக்கனச் சாதாரண வீடியோ ஏறத்தாழ 56 ஜிபி. உயர்தரச் சாதாரண வீடியோ ஏறத்தாழ 165 ஜிபி. ரா 1,300 ஜிபி. இரண்டு கேமரா, இரண்டு நகல் என்றால் 5 டெராபைட்டைத் தாண்டும். நொடிக்கு 100 மெகாபைட் எழுதும் ஹார்டு டிஸ்கில் ஒரு கேமராவின் ராவை ஒருமுறை நகலெடுக்கவே மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கல்யாணம் ஓடிய நேரத்துக்கு ஏறக்குறைய அதைக் கார்டிலிருந்து இறக்குவதும் ஓடும். நடுவில் காலிக் கார்டு வேண்டும் என்பதால், மண்டபத்தின் ஏதோ ஓர் அறையில் லேப்டாப்போடு ஒருவர் சாப்பாட்டுக்கும் போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஐப்பசி, தை, வைகாசி முகூர்த்த நாட்கள் அடுத்தடுத்து வரும்போது, போன கல்யாணத்தின் ரா இறங்கி முடியும் முன் அடுத்த கல்யாணம் வந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் எடிட்டிங்கே. ராவை அப்படியே வெட்டி ஒட்ட முடியாது. பிரித்து, டிஎன்ஜி படங்களாக்கி, ஒவ்வொரு ஷாட்டையும் டெவலப் செய்து, இலகுவான கோப்பாக மாற்றி, பிறகு வெட்ட வேண்டும். பிற்காலத்தில் வந்த எம்எல்வி ஆப் போன்ற கருவிகளும், 2017இல் மேஜிக் லான்டர்னில் சேர்ந்த தரம் குறையாத சுருக்கமும் இந்த வேலையைக் குறைத்தன, ஒழிக்கவில்லை. நான்கு நிமிட ஹைலைட்ஸுக்கு இது கட்டுப்படியாகும். வீட்டார் கேட்கிற மூன்று மணி நேர முழு வீடியோவுக்கு ஆகாது. வீட்டார் கேட்பது அதைத்தான். யார் யார் மேடை ஏறினார்கள், யார் என்ன வைத்துக் கொடுத்தார்கள், எந்தச் சித்தப்பா வந்தார் என்று பார்க்கிற வீடியோ அது. அதை ராவில் எடுப்பது வீண் வேலை.

கடைசியில் எல்லாம் எங்கே போகிறது? பென் டிரைவில், யூடியூபில், வாட்ஸ்அப்பில். அங்கே மறுபடி 8 பிட், மறுபடி சுருக்கம். இதைச் சொல்லி ராவை முழுதாக நிராகரிப்பவர்களும் உண்டு, அதில் எனக்கு உடன்பாடில்லை. வெளியே போகும் கோப்பு சின்னதாக இருப்பதாலேயே உள்ளே வரும் கோப்பும் சின்னதாக இருக்கலாம் என்றாகாது. திருத்தும் வேலை நடுவில் நடக்கிறது, அதற்கு இடம் வேண்டும். என் ஆட்சேபம், அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தபின் அதில் என்ன செய்கிறோம் என்பதில்தான்.

தோல் நிறத்தை எடுத்துக்கொள்வோம். நம் முகங்கள் மாநிறமும் கறுப்பும். பழைய ஹாலஜன் வீடியோ எல்லோரையும் வெளுத்தது. அதற்குக் காரணம் கருவி என்று சொல்லிக்கொண்டோம். ராவில் அந்தச் சாக்கு இல்லை. நிழலில் நிற்கும் கறுத்த முகத்தில் உள்ள ஒளி, எண்ணெய் மினுமினுப்பு, மஞ்சள் பூசிய கன்னத்தின் தனி நிறம், எல்லாமே கோப்பில் இருக்கின்றன. இருந்தும் பல ஹைலைட்ஸ் வீடியோக்களில் பெண்ணின் முகம் ஒரு படி வெளுத்திருக்கும், மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் கிடைத்திருக்கும், பின்னால் நிற்கும் உறவினர்கள் மட்டும் தங்கள் நிறத்தில் இருப்பார்கள். மேலே இணையத்தில் வாங்கிய ஆரஞ்சும் நீலப்பச்சையுமான ரெடிமேட் கலர் ஒன்றைப் போட்டிருப்பார்கள். மஞ்சள் தாலிக்கயிறு துருப்பிடித்த நிறத்தில் தெரியும், வாழையிலை நீலமாகியிருக்கும். 16,384 படிகளைப் பதிந்து வந்து, எல்லோருக்கும் ஒரே சாயம் பூசுவதற்கு ரா எதற்கு? சாதாரணக் கோப்பிலேயே அதைச் செய்துகொள்ளலாமே.

ரா தீர்க்காத குறைகளும் உண்டு. எல்இடி திரையின் துடிப்பு, மெல்லிய கட்டம் போட்ட பட்டில் ஊர்ந்து திரியும் அலைக்கோடு, கேமராவைச் சட்டென்று திருப்பினால் தூண்கள் சாய்வது: இவை சென்சார் படிக்கும் விதத்தில் வருபவை. சென்சார் படித்ததை ரா அப்படியே எழுதிக்கொள்ளும், குறையையும் சேர்த்து. போகஸ் போனதும் போனதுதான்.

இப்போது ‘வழக்கு எண்’ படத்துக்கு வருகிறேன். சாதாரணக் கோப்பிலேயே அந்தப் படம் எப்படி நின்றது? சினிமாவில் ஒளிப்பதிவாளருக்குக் காட்சியின் வெளிச்சத்தில் அதிகாரம் உண்டு. எந்த நேரத்தில் எடுப்பது, எந்தப் பக்கம் நிற்பது, எதை மறைப்பது, சரியில்லை என்றால் மறுபடி எடுப்பது, எல்லாம் அவர் தரப்பு முடிவு. வெளிச்சம் சரியாக இருந்தால் 256 படிகளே வெகுதூரம் போகும். கல்யாண வீடியோக்காரருக்கு அந்த அதிகாரம் இல்லை. டெக்கரேஷன்காரர் வைத்த விளக்குதான் விதி. அதனால்தான் அவருக்கு ரா கவர்ச்சியாகத் தெரிகிறது. வெளிச்சத்தின்மேல் இல்லாத அதிகாரத்தை எடிட்டிங் மேசையில் எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அது. பாதி பலிக்கும். மீதிப் பாதிக்கு, முதல் நாளே மண்டபத்துக்குப் போய் டெக்கரேஷன்காரரிடம் பேசி, மணவறைக்கு மேலே ஊதா விளக்கு வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதே மலிவான வழி. ஒரு டீ செலவு.

ஆகவே ரா எங்கே பொருந்தும்? கல்யாணத்துக்கு முன்பு, பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகக் கொடுக்கும் அரை மணி நேரத்தில். அலங்கார அறையில் ஜன்னலோரம் ஜடையில் பூ தைக்கும்போது. நகை, புடவை, கோலம், பந்திக்குத் தயாராகும் சமையற்கட்டு என்று பத்துப் பத்து நொடியாக எடுக்கும் துண்டுகளில். திருப்பி எடுக்க முடிகிற, ஒலி தேவையில்லாத இடங்கள் இவை. மொத்தம் பதினைந்து நிமிடம்கூட வராது, இரண்டு கார்டில் அடங்கும். ஹைலைட்ஸுக்கு உயிர் கொடுப்பதும் பெரும்பாலும் இவைதான். முகூர்த்தத்துக்கு இரண்டு கேமராவாவது சாதாரணக் கோப்பில் நிற்காமல் ஓடட்டும். 29 நிமிடம் 59 நொடியில் 5டி மார்க் 3 போன்ற கேனன் கேமராக்கள் தானாக நிறுத்தும் என்பதை நினைவில் வைத்து, இரண்டையும் வெவ்வேறு நேரத்தில் தொடங்கினால் ஒன்றாவது எப்போதும் பதிந்துகொண்டிருக்கும். ஆட்கள் அதிகமிருந்தால் மூன்றாவது கேமராவில் ரா எடுத்துக்கொள்ளலாம்; போனாலும் கல்யாணம் போகாது.

இந்த விவாதத்துக்கே வயதாகிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2013இல் நமக்கு இருந்த உண்மையான குறை, ரா இல்லாதது அல்ல. கிடைத்த கோப்பு மட்டமாக இருந்தது. 2017இல் வந்த பானசோனிக் ஜிஎச்5 கேமராவுக்குள்ளேயே 10 பிட் எழுதியது. 2020இல் சோனி ஏ7எஸ் 3 வந்தது. 256 படிகளுக்குப் பதில் 1,024 படிகள், நிற விவரமும் இரட்டிப்பு, கார்டுக்குத் தாங்கக்கூடிய அளவு, கூடவே ஒலி. அதே 2020இல் கேனனே 1டி எக்ஸ் மார்க் 3 என்ற டிஎஸ்எல்ஆரில் 5.5கே ராவைத் தன் கையாலேயே கொடுத்தது. யாரும் கேமராவை உடைத்துத் திறக்க வேண்டிய தேவை போயிற்று. ஆனால் கல்யாணத்துக்குக் கேமரா தூக்குகிறவர்களுக்கு 10 பிட் பதிவு வந்ததுமே பெரும்பாலான பிரச்சினை தீர்ந்துவிட்டது. பழைய 5டி மார்க் 3 மலிவாகக் கிடைக்கிறது என்று இன்றைக்கு வாங்கி ராவில் கல்யாணம் எடுக்க நினைப்பவர்களுக்கு என் பதில்: கற்றுக்கொள்ள வாங்குங்கள், கல்யாணத்துக்கு வேண்டாம். அந்தப் பணத்தைப் பழைய 10 பிட் கேமரா ஒன்றுக்கும் நல்ல ரெக்கார்டர் ஒன்றுக்கும் பிரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. ‘நாங்கள் ராவில் எடுக்கிறோம்’ என்று யாராவது கூடுதல் தொகை சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். தாலி கட்டும்போது இடைவிடாமல் ஓடும் கேமரா எத்தனை? ஒலியைப் பதிய யார் வருகிறார்? எங்களுக்கு வீடியோ வந்து சேரும்வரை எங்கள் கோப்பின் இரண்டாவது நகல் எங்கே இருக்கும்? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் கேட்ட பணத்தைக் கொடுக்கலாம். வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.